ஏழாவது கம்பி

ஏழாவதை எடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தால் என்ன ஆகிவிடும்? எனக்குத் தெரிந்து நான் சொல்லாமல் விட்டவை எத்தனையோ இருக்கின்றன. அவற்றோடு இதுவும் ஒரு மூலையில் கிடக்கட்டுமே. பதினொரு கம்பிகள் சமர்த்தாக ஒரே பதிலைச் சொல்லும்போது ஒன்று மட்டும் வாயாடினால், அதை வெளியே அனுப்புவதில் என்ன தப்பு? பள்ளிக்கூடத்தில் என்னையும் அப்படித்தான் அனுப்பினார்கள்.

இந்த இடத்துக்கு வந்ததும் ஆரோக்கியசெல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வாதத்தை மனதுக்குள் கஷ்டப்பட்டுக் கட்டி முடித்து, கடைசி வரியில் தானே அதைத் தள்ளிவிடுவது அவளுடைய பழக்கம். பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்றிருந்தது. முன்னால் ஏழெட்டு லாரிகள். மடியில் இருந்த ஜியோமெட்ரி பாக்ஸை அவள் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, அந்தப் பாக்ஸ கைக்கொழந்தையாட்டம் புடிச்சிக்கினு வர்றே. நகையா?" என்றார் கண்டக்டர்.

"கம்பிண்ணே."

"கம்பியா? எத்தினி டன்னு?"

"தலமுடி தடிமன்தான் இருக்கும்."

"அப்ப லக்கேஜ் கெடையாது, போ" என்று அவர் நகர்ந்துவிட்டார்.

அவர் சொன்னது வேடிக்கைக்காக என்றாலும் அவளுடைய ஏழு வருடங்களின் மொத்த எடையும் அந்த டப்பாவுக்குள்தான் இருந்தது. திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் அவள் கௌரவ விரிவுரையாளர். காலையில் வகுப்பு, மதியத்துக்கு மேல் அங்கே ஒரு சிறிய ஆய்வகத்தில் கம்பிகளைச் சூடுபடுத்துவாள். அவற்றை அளந்து பார்க்கும் கருவி அவளுடைய நெறியாளர் சீனுவாசனின் துறையில், விழுப்புரத்தில் இருந்தது. அதனால் வாரத்துக்கு இரண்டு முறை கம்பிகள் பஸ்ஸில் போயின. ஜனவரி முப்பத்தொன்றுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அவளுடைய பதிவு ரத்தாகிவிடும். மேற்கொண்டு நீட்டிப்பு கிடையாது, இதுதான் கடைசி என்று பல்கலைக்கழகம் கடிதமே அனுப்பியிருந்தது. இன்று எட்டாம் தேதி.

வேலை என்னவென்று வீட்டில் கேட்டபோது அவள் பஸ்ஸை வைத்துத்தான் விளக்கியிருந்தாள். சாதாரண இரும்புக் கம்பிக்குள் அணுக்கள் வகுப்பறையில் பிள்ளைகளைப் போல வரிசையாக உட்கார்ந்திருக்கும். இந்தக் கம்பி அப்படியில்லை. இரும்பும் கோபால்ட்டும் இன்னும் சிலதும் சேர்த்து உருக்கி, சுழலும் தண்ணீரில் பீய்ச்சியடித்து, கண் இமைப்பதற்குள் உறையவைத்தது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் முண்டியடித்து ஏறிக்கொண்டிருக்கும்போது யாரோ விசிலடித்து, அப்படியே நில்லுங்க என்று சொன்னால் எப்படி இருக்கும்? ஒருவர் கை இன்னொருவர் தோளில், ஒருவர் பை இன்னொருவர் முகத்தில். அணுக்கள் அப்படி நிற்கின்றன. அந்தக் கம்பியில் பத்து நிமிடம் மின்சாரம் செலுத்தினால் அது சூடாகும். உள்ளே இருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து, பையைக் காலிடுக்கில் வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஆசுவாசமாவார்கள். வரிசைக்கு வரமாட்டார்கள், ஆனால் இடிபடாமல் நிற்பார்கள். அதற்குப் பிறகு அந்தக் கம்பியின் குணமே வேறு. ஒரு காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் தன் வழியே ஓடும் மின்சாரத்துக்கு அது காட்டும் தடை சடாரென்று மாறும். எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு, உள்ளே எப்படி நின்றார்கள், அதனால் வெளியே என்ன மாறியது என்பதே அவளுடைய ஆய்வு.

காந்தத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை மாற்றிக்கொண்டே போனால் திரையில் இரண்டு மேடுகள் வரும். செஞ்சிக்குப் போகிற வழியில் தூரத்தில் தெரியும் குன்றுகளைப் போல, நடுவில் ஒரு பள்ளம். பதினொரு கம்பிகளுக்கு இரண்டு மேடும் ஒரே உயரம். ஏழாவது கம்பிக்கு மட்டும் வலப்பக்க மேடு ஓங்கி நின்றது, இடப்பக்கம் அதில் பாதி. கம்பி ஒன்றே, சூடு ஒன்றே, நேரம் ஒன்றே. மூன்று முறை அளந்துவிட்டாள். இன்று நான்காவது முறை.

விழுப்புரத்தில் அன்றும் அதே கோணல் கோடுதான் வந்தது.

சீனுவாசன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார். கோபமே வராத மனிதர். கோபத்துக்குப் பதிலாக அவருக்கு டீ குடிக்கத் தோன்றும்.

"ஒரே ஒரு கம்பியில வந்தா அது சேதி இல்லம்மா, கொசு" என்றார். "மறுபடி உண்டாக்கிக் காட்ட முடிஞ்சா அதப் பத்திப் பேசலாம். உன்னால முடியல. பதினொண்ண வச்சு எழுது. நாள் இல்ல."

"அது ஏன் அப்படி வருதுன்னு தெரியலயே சார்."

"தெரியாததையெல்லாம் எழுதினா ஆய்வேடு தாங்காது. வா, டீ குடிக்கலாம்."

டீக்கடையில் ஒரு புதிய உதவிப் பேராசிரியரிடம் அவளை அறிமுகப்படுத்தினார். "இவ நம்ம ஓமந்தூர்ப் பக்கம். அஞ்சு வயசுல திருவிழாக் கடையில ஒரு செவப்புக் காந்தம் வாங்கினா, அன்னிக்குப் புடிச்ச பைத்தியம். அப்படித்தானம்மா?"

"ஆமா சார்" என்றாள் செல்வி.

காந்தம் எதையும் அவள் வாங்கியதில்லை. பதின்மூன்று வருடங்களுக்கு முன்பு விழுப்புரத்தில் கலைக் கல்லூரிக் கலந்தாய்வுக்கு அவள் வணிகவியல் கேட்கத்தான் கிளம்பினாள். விக்கிரவாண்டியில் கரும்பு லாரி ஒன்று கவிழ்ந்து, பஸ் இரண்டு மணிநேரம் நின்றது. அவள் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய எண்ணைக் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். மிச்சமிருந்தது இயற்பியல். அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அழுதாள். பிறகு பிடித்துப்போனது வேறு கதை. ஆராய்ச்சி மாணவர் நேர்காணலில், ஏன் இயற்பியல் என்று கேட்டபோது கரும்பு லாரி என்று சொல்ல வெட்கமாக இருந்தது. திடீரென்று வாயிலிருந்து ஒரு காந்தம் வந்தது. நிறம் என்ன என்றுகூட யாரோ கேட்டார்கள். சிவப்பு என்றாள். இப்போது கண்ணை மூடினால் அந்தக் காந்தம் தெரிகிறது. அதன் ஒரு முனையில் பெயின்ட் உரிந்திருப்பதுகூடத் தெரிகிறது. நடக்காத ஒன்றுக்கு மனம் இவ்வளவு அக்கறையாகப் பெயின்டை உரித்து வைத்திருப்பதை நினைத்தால் அவளுக்குச் சில சமயம் பயமாகவும், பெரும்பாலும் வேடிக்கையாகவும் இருக்கும்.

மறுநாள் திண்டிவனத்து ஆய்வகத்தில் அவள் நோட்டைப் பிரித்து ஏழாவது கம்பியின் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பலகையில் பொருத்திய நாள்: வியாழன். மின்சாரம் செலுத்திய நாள்: திங்கள். நடுவில் நான்கு நாட்கள். மற்ற எல்லாக் கம்பிகளையும் பொருத்திய அன்றே சூடுபடுத்தியிருந்தாள். இந்த வியாழன் மட்டும் ஏன்?

நினைவுக்கு வந்தது. அது ஆயுத பூசைக்கு முந்தின வேலைநாள். அவள் கம்பியைப் பலகையில் நீட்டி, இரண்டு முனைகளையும் பித்தளைத் திருகுகளில் பிடித்து, சுவிட்சில் கை வைக்கும்போது கெங்கம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றாள். இந்த ஆய்வகத்தின் உதவியாளர் அவள். நாற்பது வயது, பதினோரு வருடமாகத் தற்காலிகம்.

"கைய எடு. பொட்டு வைக்கப்போறேன். பூசை போட்டுட்டா அப்பறம் எதுவும் ஓடக்கூடாது. நாலு நாளைக்கு மெசினுக்கும் லீவு."

"பத்தே நிமிசம்க்கா."

"உங்க ஏசு ஞாயித்துக்கெழம ஓய்வு எடுக்கச் சொல்றாரில்ல? எங்க சாமியும் அதான் சொல்லுது. இந்தா பொரி. ஜல்தி கெளம்பு, ஆறு மணி வண்டி போயிடும்."

பொரியும் உடைத்த கடலையும் இருந்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டு செல்வி கிளம்பிவிட்டாள். திங்கட்கிழமை வந்தபோது கம்பி பலகையில் அப்படியே இருந்தது. எல்லாக் கருவிகளிலும் போலப் பலகையிலும் சந்தனமும் குங்குமமும் இருந்தன. சுவிட்சைப் போட்டாள்.

இப்போது அவள் அந்தப் பலகையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். இடப்பக்கத் திருகின் தலையில் காய்ந்த சந்தனப் பொட்டு. வலப்பக்கத் திருகின் தலையிலும் அதேபோல. வலப்பக்கத் திருகைக் கழற்றினாள். அதன் அடியில் இருந்த வட்டத் தகட்டைத் திருப்பினாள். அங்கேயும் சந்தனம், விரல் ரேகையோடு.

மூன்று மாதமாக ஒவ்வொரு கம்பிக்கும் இதைக் கழற்றி மாட்டியிருக்கிறாள். கண்ணில் பட்டிருக்கும். பூசை போட்டால் சந்தனம் இருக்கத்தானே செய்யும் என்று கண் அதைத் தாண்டிப் போயிருக்கிறது. பொட்டு வைத்தால் தலையில் இருக்கும். தகட்டுக்கு அடியில் எப்படிப் போகும்? சந்தனக் கையோடு யாரோ திருகைக் கழற்றியிருந்தால்தான் போகும்.

கெங்கம்மாள் வராந்தாவில் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஆயுத பூசை அன்னிக்கு இந்தத் திருகக் கழட்டினீங்களா?"

"எந்தத் திருகு?"

"இதான்."

"நான் எதயும் தொடலப்பா. பொட்டு வச்சேன், கற்பூரம் காட்டினேன், வெளக்க அணைச்சேன், போயிட்டேன்." சோதனைக் குழாய்க்குள் பிரஷ் அவசரமாக ஏறி இறங்கியது.

"சந்தனம் அடியில இருக்குதுக்கா."

"சந்தனம்னா வழியும்."

"தகட்டுக்கு அடியிலயா வழியும்?"

கெங்கம்மாள் குழாயை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். "இத பாரு செல்வி. போன வருசம் ஒரு குடுவ ஒடஞ்சதுக்கு மூணு பக்கம் வெளக்கம் எழுதிக் குடுக்கச் சொன்னாங்க. எழுதினது நீதான். பூனை தள்ளிடுச்சின்னு எழுதின. எந்தப் பூனை? இந்தக் காம்பவுண்டுலயே பூனை கெடையாது. அத்தயும் நம்பி ஃபைல்ல வச்சிக்கிட்டாங்க. மறுபடி ஒரு வெளக்கம் எழுத என்னால ஆவாது. எத்தினி பூனைய வளக்கறது?"

செல்விக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கெங்கம்மாளும் சிரித்துவிட்டாள். சிரித்ததும் பாதி ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

"வெளக்கம் ஒண்ணும் வேணாம்க்கா. அந்தக் கம்பிதான் எல்லாத்துலயும் நல்லாருக்குது. இன்னா பண்ணீங்கன்னு தெரிஞ்சா போதும்."

"நல்லாருக்குதா?" கெங்கம்மாளின் முகம் மாறியது. "நெசமாவா? நீ கேக்கறதப் பாத்தா போலீஸாட்டம் இருக்குது."

"நெசமாதான்."

பிறகு அவள் சொன்னாள். எல்லாக் கருவிக்கும் மாவிலை வைத்தாகிவிட்டது, இந்தப் பலகைக்கு மட்டும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நடுவில் ஒரு கம்பி நீளமாக ஓடியது. தோரணத்துக்கென்றே கட்டியது மாதிரி. ஒரு மாவிலையை மடித்துக் கம்பி மேல் போட்டு, துடைப்ப ஈர்க்கைக் கிள்ளிக் குத்தினாள். கம்பி தொய்ந்து இலை பலகையில் படுத்துவிட்டது.

"பலகையில படுத்துக்கினு இருந்தா அது தோரணமா? அதான் அந்தத் திருக எளக்கி, நீட்டிக்கினு இருந்த வால இழுத்துப் புடிச்சி, சாவி குடுக்கற மாதிரி முறுக்கி முறுக்கி இறுக்கினேன். வீட்ல கொடிக்கயிறு தொய்ஞ்சா அப்படித்தான் பண்ணுவோம். இலை நின்னுச்சி. அப்பறம் ரெண்டாவது இலை வச்சேன், மறுபடி தொய்ஞ்சிது, மறுபடி முறுக்கினேன். போவும்போது இலைய எடுத்துட்டு, கம்பிய ஈரத்துணியால தொடச்சிதான் வச்சிட்டுப் போனேன். ஒரு பொட்டு அழுக்கு இருந்துதா, சொல்லு?"

"இல்லக்கா. எத்தினி சுத்து முறுக்கினீங்க?"

"எண்ணிக்கினா இருந்தேன்? ஒரு இலைக்கு மூணு."

"எத்தினி இலை?"

"மூணு. ரெட்டப்படையில யாராவது வைப்பாங்களா?"

செல்வி பலகையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது சுற்று. தலைமுடித் தடிமனில் இருக்கும் கம்பியில் ஒன்பது சுற்று முறுக்கைக் கண்ணால் பார்க்க முடியாது. அது முறுக்கிய நிலையிலேயே திருகுக்குள் நான்கு நாள் காத்திருந்தது. திங்கட்கிழமை அவள் வந்து சூடேற்றினாள். உள்ளே இருந்தவர்கள் நகர்ந்து இடம்பிடித்தார்கள். அந்த நேரத்தில் பஸ் ஒரு பெரிய வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றபடியே ஆசுவாசமாகிவிட்டார்கள். பிறகு அவள் திருகைக் கழற்றினாள். பஸ் நேராகிவிட்டது. உள்ளே இருந்தவர்கள் மட்டும் சாய்ந்தபடியே நின்றார்கள்.

உண்மையில் கம்பியை இறுக்கியது கெங்கம்மாளின் இழுப்புதான். முறுக்கு சும்மா கூடவே வந்தது. சும்மா வந்ததுதான் எல்லாவற்றையும் செய்திருக்கிறது.

"அக்கா, மாவிலை கெடைக்குமா?"

"இப்பவா? எதுக்கு?"

"மறுபடி பூசை போடப்போறோம்."

கல்லூரி வாசலில் இருந்த மாமரத்தில் கெங்கம்மாள் ஒரு கொத்தை ஒடித்து வந்தாள். வெற்றிலையைப் போல இலை இலையாகப் பார்த்து, அதே அளவில் மூன்றைத் தேர்ந்தெடுத்தாள். செல்வி புதுக் கம்பியைப் பொருத்தி, வாலில் ஒரு சின்னத் துண்டுக் காகிதத்தை ஒட்டினாள், சுற்றுகளை எண்ண. கெங்கம்மாள் முதல் இலையை வைத்தாள். முறுக்கினாள். காகிதம் மூன்று முறை தலைகீழாகிச் சுற்றியது. இரண்டாவது இலை, மூன்று. மூன்றாவது இலை, மூன்று.

"நீ பாத்துக்கினே இருந்தா கை ஓடல. அந்தப் பக்கம் திரும்பு."

"திரும்பிட்டா எப்படிக்கா எண்ணறது?"

"அப்ப பேசாம எண்ணு. மூஞ்ச அப்படி வச்சிக்காத."

பொங்கலுக்கு முன்பாக அவர்கள் ஆறு கம்பிகளைச் செய்தார்கள். மூன்றை மாவிலையோடு, கெங்கம்மாளின் கையால். இரண்டை இலை இல்லாமல், ஒன்பது சுற்று எண்ணி, செல்வியின் கையால். ஒன்றை எதிர்ப்பக்கமாக முறுக்கினார்கள். கெங்கம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. "இடப்பக்கமா முறுக்கறது எழவு வீட்டுக்கு" என்றாள். அது ஆராய்ச்சிக்கு என்று செல்வி சமாதானம் சொன்னாள்.

பன்னிரண்டாம் தேதி விழுப்புரத்தில் முதல் கம்பியை வைத்துக் கருவியை ஓடவிட்டபோது அவள் திரையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ ஸ்கூட்டரில் இரண்டு கரும்புகளை வைத்து ஓட்டிக்கொண்டு போனார்கள். கரும்பின் தோகை தரையைப் பெருக்கிக்கொண்டே போனது. தனக்கு என்ன வேண்டும் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். கோடு சாய்ந்து வரவேண்டும், ஆய்வேடு முடியவேண்டும். அது மட்டும்தானா? ஏழாவது கம்பி பொய் சொல்லவில்லை என்று தெரியவேண்டும். அதுதான் அதிகமாக வேண்டியிருந்தது. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு கம்பிக்காக யாராவது இப்படிப் பரிந்துகொள்வார்களா?

பின்னாலிருந்து சீனுவாசன், "அடடடடா" என்றார்.

திரும்பினாள். வலப்பக்கக் குன்று ஓங்கி நின்றது. அடுத்த கம்பிக்கும் நின்றது. ஐந்துக்கும் நின்றது. எதிர்ப்பக்கம் முறுக்கிய ஆறாவதற்கு இடப்பக்கக் குன்று ஓங்கி, வலது குட்டையாகி, கண்ணாடியில் பார்த்த மாதிரி வந்தது. அந்தச் செங்குத்தான சரிவில் ஒரு குண்டூசி அளவு காந்தத்தைக்கூடக் கண்டுபிடித்துவிடலாம். சீனுவாசன் இரண்டு முறை எழுந்து இரண்டு முறை உட்கார்ந்தார். அன்றைக்கு டீயோடு பாதுஷாவும் வாங்கிக் கொடுத்தார்.

அச்செடுத்த கோட்டைச் செல்வி திண்டிவனத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். கெங்கம்மாள் அதை எட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"ஆட்டுக்கு ஒரு கொம்பு பெருசா இருக்குது."

"அந்தக் கொம்பு நீங்க குடுத்ததுதான். ஆய்வேட்ல உங்க பேரு வருதுக்கா."

"ஐயையோ, வேணாம். அப்பறம் அதுக்கு ஒரு வெளக்கம் கேப்பாங்க."

"கேக்கமாட்டாங்க."

கெங்கம்மாள் மேசையைத் துடைக்கப் போனாள். துடைத்த இடத்தையே துடைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். "இங்கிலீஷ்ல எப்படி எழுதுவ? நெறைய எழுத்து வருமா?"

"வரும். இனிஷியல் இன்னா போடட்டும், வீட்டுக்காரர் பேரா?"

"அவரு எதுக்கு? கம்பிய முறுக்கினது நானு. எங்கப்பா பேரு தாண்டவராயன். அத்தப் போடு."

பொங்கல் விடுமுறை முழுவதும் செல்வி எழுதினாள். ஏழாவது கம்பியின் பகுதிக்கு வந்ததும் கை தானாக வேகமெடுத்தது. 'முறுக்கின் விளைவை அறியும் பொருட்டு ஏழாம் கம்பி முறுக்கப்பட்டது' என்று எழுதியிருந்தாள். நல்ல வாக்கியம். பெயின்ட் உரியாத வாக்கியம். அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே மல்லாட்டை வறுக்கும் வாசனை வந்தது. ஒரு பிடி கடலை வாங்கித் தின்று முடித்தாள். பிறகு அந்த வாக்கியத்தை அழித்துவிட்டு, நடந்ததை எழுதினாள். ஏழாம் கம்பி, ஆய்வக உதவியாளர் தா. கெங்கம்மாள் ஆயுத பூசைக்காக மூன்று மாவிலைகளைக் கட்டியபோது ஒன்பது சுற்று முறுக்கப்பட்டிருந்தது. ஆய்வாளருக்கு இது மூன்று மாதங்களுக்குப் பிறகே தெரியவந்தது. பின்வரும் ஆறு கம்பிகள் அதைத் தொடர்ந்து செய்யப்பட்டவை.

படித்துப் பார்த்தபோது ஆய்வேட்டின் நூற்றெழுபது பக்கங்களில் அந்த மூன்று வரிகள் மட்டும் தன்னுடைய குரலில் இருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

இருபத்தொன்பதாம் தேதி மதியம், கையெழுத்து வாங்க விழுப்புரம் போனாள். சீனுவாசன் ஆய்வேட்டைச் சிவப்பு உறையிலிருந்து எடுத்து, முன்னுரையைப் புரட்டி, தலையாட்டி, அட்டவணைகளைப் பார்த்துத் திருப்தியாக உறுமினார். பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரத்தில் அவருடைய தோள்கள் குலுங்கின. சிரித்துக்கொண்டிருந்தார்.

"மூணு மாவிலை" என்றார். "நல்லா இருக்கும்மா. ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இத எடுத்துரு."

செல்வி காலியான சிவப்பு உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இத வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் படிப்பான். மாவிலைக்கு அவன் எங்க போவான்? சிரிச்சிட்டு மூடி வச்சிடுவான். ஏழு வருசம் கஷ்டப்பட்டிருக்க. ‘கம்பியைத் திட்டமிட்டு முறுக்கினோம்’னு ஒரு வரி போதும். பொய் இல்லம்மா. முறுக்கினது உண்மை. ஒன்பது சுத்து உண்மை. அப்பறம் நீயே எண்ணித்தானே முறுக்கின? ‘திட்டமிட்டு’ன்னு ஒரே ஒரு வார்த்த. கெங்கம்மா பேர நன்றியுரையில போட்டுக்க, நான் வேணாங்கல. ஆபீஸ்ல பிரின்டர் இருக்கு, ஒரு பக்கம் மாத்த அஞ்சு நிமிசம்."

அவர் சொன்னது எல்லாமே நியாயமாகத்தான் இருந்தது. அவளுக்காகச் சொல்கிறார் என்பதும் தெரிந்தது. முப்பத்தொன்று நாளை மறுநாள். அவருடைய கையெழுத்து இல்லாமல் இந்த நூற்றெழுபது பக்கமும் வெறும் காகிதம். ஒரு வார்த்தை. இதைவிடப் பெரிய வார்த்தைகளை அவள் சுலபமாகச் சொல்லியிருக்கிறாள். ஒரு பூனையையே உண்டாக்கியிருக்கிறாள்.

"சொல்ற விதம்தான் எல்லாம்" என்றார் சீனுவாசன் அன்பாக. "உன்னோட செவப்புக் காந்தம் எவ்வளவு அழகா இருக்கு. எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன். அந்த மாதிரி இதையும் கொஞ்சம் நேராக்கு."

செல்விக்கு அந்தக் காந்தம் தெரிந்தது. உரிந்த பெயின்டோடு, எந்தத் திருவிழாவிலும் எந்தக் கடையிலும் இல்லாமல். அதன் பின்னால் விக்கிரவாண்டியில் குறுக்கே கிடந்த கரும்பு லாரியும் தெரிந்தது. பஸ்ஸை விட்டு இறங்கிய யாரோ கரும்பு உருவி அவளுக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். அழப்போகிறவள் என்று தெரியாமல் அதை மென்றுகொண்டு நின்றாள். எவ்வளவு இனிப்பாக இருந்தது. இத்தனை வருடத்தில் அதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

"சார், அந்தக் காந்தமே கெடையாது சார்" என்றாள்.

"என்ன?"

"நான் காமர்ஸ் படிக்க வந்தேன். டோல்கேட்ல கரும்பு லாரி கவுந்துடுச்சி. லேட்டாயிடுச்சி. ஃபிசிக்ஸ்தான் மிச்சம் இருந்துச்சி."

சீனுவாசன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். மறுபடி இறக்கினார். "கரும்பு லாரியா?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. டீ குடிக்க வேண்டும்போல் இருந்திருக்கலாம்.

"ஆமா சார்."

அவர் பேனாவைப் பார்த்தார். பிறகு ஆய்வேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்து, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அந்த மூன்று வரிகளின் மேல் விரலை வைத்தார். "சரி, அது இருக்கட்டும். இத மாத்திடறியாம்மா?"

செல்வி அவர் விரல் நகரும்வரை காத்திருந்தாள். நகர்ந்ததும் பக்கங்களைப் பொறுமையாகப் பின்னுக்குத் தள்ளி, அவருடைய பெயருக்கு மேலே கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்த முதல் பக்கத்துக்கு வந்தாள். அதை அவர் முன்னால் திருப்பி வைத்தாள்.

"வேணாம் சார்" என்றாள். "மாவிலைதான் சார்."